பதினேழாம் தேதி

ஜூன் 3, செவ்வாய்

கழக்கூட்டம் பஸ்ஸில் இன்று உட்கார இடம் கிடைத்தது. மணக்காட்டில் ஏறியதிலிருந்து ஒரே மழை. ஆபீஸுக்குள் நுழைந்தால் என் பக்கத்து மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். வெங்கிடேஷ் நேற்று சாயங்காலம் கல்லாறுக்குள் போனவன். எங்கள் ஆபீஸில் மீட்டிங் அறைகளுக்கெல்லாம் ஊர்ப் பெயர். பொன்முடியில் திட்டம் போடுவார்கள். விழிஞ்ஞத்தில் வாடிக்கையாளரோடு பேசுவார்கள். கல்லாறில் ஆளை அனுப்புவார்கள். பதினைந்து நிமிஷம்தான். வெளியே வரும்போது கழுத்தில் ஐடி கார்டு இருக்காது.

மே மாதம் தொடங்கி இது ஏழாவது ஆள்.

ஆஸ்பத்திரிகளுக்குப் போய் எங்கள் மென்பொருளைப் போட்டுக்கொடுத்து நர்ஸ்களுக்குப் பழக்கிவிடுவது வெங்கிடேஷின் வேலை. அவனுடைய மெயில் பெட்டியை இனி நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஏழு ஆஸ்பத்திரி. என் டெஸ்டிங் வேலையோடு சேர்த்து. சரி என்றேன். வேறு என்ன சொல்ல? பன்னிரண்டு வருஷமாக மென்பொருளில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். இப்போது அதைச் செய்ய ஒரு புரோகிராம் வந்துவிட்டது. எனக்கு ஒரு நாள் பிடிப்பதை எட்டு நிமிஷத்தில் முடிக்கிறது. அந்த எட்டு நிமிஷமும் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

ஒரு விஷயம். பெரிதாக இருக்காது.

திங்கட்கிழமை வெளியாகப் போகிற புதுப் பதிப்பில் நர்ஸ்களுக்கான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளியின் எடையைப் போட்டால் மருந்து எத்தனை மில்லி என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். பரிசோதனைக்காக இரண்டு பொய் நோயாளிகள். ஒரு குழந்தை, ஒரு பெரியவர். பெரியவருக்கு 60 என்று போட்டுவிட்டுக் குழந்தையின் பக்கத்தைத் திறந்தேன். குழந்தையின் எடை 60 என்று நின்றது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். 60தான். மறுபடி செய்தேன். சரியாக வந்தது. நாற்பது தடவை செய்தேன். நாற்பது தடவையும் சரி.

நானே கவனமில்லாமல் தப்பாகப் போட்டேனா? இல்லை. போடவில்லை. டிக்கெட் எழுதிவைத்தேன், அதாவது தப்பு என்று பதிவு. என் பேரில்.

ஜூன் 6, வெள்ளி

டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஆர்ஷா என் மேஜைக்கே வந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள், என் டீம் லீட். பாறசாலைக்காரி. பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவாள். அந்தத் திரையை எழுதியதும் அவள்தான்.

"செல்வி சேச்சி, நாப்பது தடவ வரல்ல. ஒரு தடவ வந்ததுக்கு பேரு பக் அல்ல, கேட்டோ. திங்களாழ்ச்ச ரிலீஸ். இது திறந்து கிடந்தா ரிலீஸ் நிக்கும். நின்னா சேஷன் சார் யாரை கல்லாறுக்கு விளிக்கும்? நம்மளைத்தான்."

சேஷன் சார் எங்கள் மேனேஜர். ஆர்ஷாவுக்கு ஐந்தாம் மாதம். பிரசவ விடுப்புக்கு முன்னால் தன்னை அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

'மறுபடி வரவில்லை' என்று எழுதி மூடிவிட்டேன். பகல் 3.10.

ஜூன் 8, ஞாயிறு

வள்ளியூரிலிருந்து அப்பா போன். சித்தாளாக இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம் சாந்து சுமந்த மனுஷன். இப்போது முட்டி வலி, ஊரோடு இருக்கிறார். "ஏட்டி கலைச்செல்வி, டிவில கம்ப்யூட்டர் கம்பெனியில எல்லாம் ஆளக் குறைக்கானுவோன்னு சொல்லுதானே. ஒனக்கு ஒண்ணும் இல்லைல்லா?"

"இல்லப்பா."

"அதான. ஆஸ்பத்திரி வேலைல்லா. உயிரக் காப்பாத்துத வேலை. அதுல எவன் கை வைப்பான்?"

பக்கத்தில் யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனை வைத்தார்.

ஜூன் 9, திங்கள்

வெளியாகிவிட்டது. கேக் வெட்டினார்கள். சேஷன் சார் எனக்குத் தன் கையால் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். "உங்க கையெழுத்து இருந்தா எனக்கு நிம்மதி, செல்வி."

ஜூன் 13, வெள்ளி

மெயில் பெட்டியில் ஒரு புகாரும் இல்லை. பதினோரு தடவை திறந்து பார்த்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். வரிசையாக எழுதினால் புரியும்.

வித்துரா பக்கத்து ஆஸ்பத்திரியில் புதுப் பதிப்பைப் பழக்கிக்கொடுக்க என்னை அனுப்பினார்கள். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி நெடுமங்காடு வழியாகப் போனேன். நாற்பது படுக்கை. எஸ்டேட் ஆட்களும் மலைமேலிருந்து வருகிறவர்களும். காய்ச்சல் காலம், வராந்தாவில்கூடப் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். தலைமை நர்ஸ் லீலாபாய், ஐம்பத்தைந்து வயதிருக்கும். "மோளே, இது பழையதவிட நல்லதா, அல்லெங்கில் பேருதான் புதுசா?" என்று கேட்டார். சிரித்தேன்.

பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போய் வந்தது. இரண்டு மூன்று நொடிதான். ஒரு சின்னப் பெண் நர்ஸ் கையில் டேப்லெட்டோடு என் பக்கத்தில் நின்றாள். ஒரு தாத்தாவின் எடையைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய் அங்கே இருந்த குழந்தையின் பக்கத்தைத் திறந்தாள். வைஃபை திரும்பி வந்தது. நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் எடை 11. என் கண் முன்னாலேயே அது 62 ஆனது.

அந்தப் பெண் பார்க்கவில்லை. குழந்தையின் அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன்.

நான் என்ன செய்தேன்? டேப்லெட்டை வாங்கினேன். 62-ஐ அழித்து 11 என்று போட்டேன். "என்ன சேச்சி?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, நெட் ஸ்லோ. ரிஃப்ரெஷ் பண்ணிக்கிட்டே இருங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவ்வளவுதான்.

லீலாபாய் வாசல்வரை வந்து ஒரு பொதி கிழங்கு தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 18, புதன்

காலையில் பஸ்ஸில் வரும்போது புரிந்துவிட்டது. நெட் அறுந்திருக்கும்போது போட்ட எடையை அந்தத் திரை கையில் பிடித்து வைத்துக்கொள்கிறது. நெட் வந்ததும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. யாருக்குப் போட்டோமோ அவருக்கு அல்ல, அந்த நேரத்தில் திரையில் யார் இருக்கிறாரோ அவருக்கு. ஐந்தாம் தேதி எங்கள் ஆபீஸிலும் மழைக்கு வைஃபை விட்டு விட்டு வந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை.

ஆபீஸில் வைஃபையை நானே அணைத்துப் போட்டுச் செய்து பார்த்தேன். மூன்று தடவை. மூன்றும் வந்தது.

ஆர்ஷாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சேச்சி, ஜூலை இருபத்தொண்ணு அடுத்த ரிலீஸ். அதில ஞான் சைலண்டா சரியாக்கித் தராம்."

"அதுவரைக்கும் ஏழு ஆஸ்பத்திரி இருக்கு ஆர்ஷா."

"எனிக்குத் தெரியும்." குரலைத் தாழ்த்தினாள். "எழுதியது ஞானாக்கும். மூடியது சேச்சியாக்கும். ரெண்டு பேரும் கல்லாறுக்குப் போகணுமா?"

போகணுமா?

ஜூன் 19, வியாழன்

வீட்டுக்காரன் பிரஜினிடம் சொன்னேன். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கப்பலில் கண்டெய்னர்களைக் கட்டி இறுக்குகிற வேலை அவனுக்கு. ஒப்பந்தம், செப்டம்பர் வரைதான். ஏதாவது தைரியமாகச் சொல்வான் என்று நினைத்தேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலல்லா?"

"இதுவரைக்கும் இல்ல."

"அப்ப ஒரு மாசம் பொறு. அவதான் சரியாக்கித் தாரேன்னு சொல்லியிருக்காளே. செல்வி, எனக்கு செப்டம்பருக்கு மேல என்னன்னே தெரியாது. ரெண்டு பேரும் வீட்ல இருந்தா மீராவ எங்க கொண்டுபோய் நிறுத்த?"

மீரா பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒன்பது வயது. பேர் கேட்டதும் தலையைத் தூக்கினாள். "ஒண்ணுமில்ல, வரை" என்றேன். இந்த வாரத்தில் எத்தனை தடவை ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

பொறுக்கிறேன். பிரஜின் சொன்னது சரிதான். கரண்ட் போகணும், அதே நொடியில் எடை போடணும், அதே நொடியில் வேறு ஆளைத் திறக்கணும். எத்தனை தடவை நடக்கும்?

நான் போன ஒரே நாளில் நடந்தது.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று சாயங்காலம் தொடங்கி ராத்திரி முழுக்க இடி மழை. வித்துராப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் இல்லை என்று செய்தியில் சொன்னார்கள். டிவியை அணைத்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

லீலாபாய் போன் பண்ணினார். காலை பத்தரை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பேசினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று வலிப்போடு வந்திருக்கிறது. பதிமூன்று கிலோ. மருந்து போட்டார்கள். திரையில் எடை 58 என்று இருந்திருக்கிறது, அது சொன்ன அளவு. நாலு மடங்குக்கு மேல். குழந்தை தூங்கியது, பிறகு எழுப்பினால் எழவில்லை, மூச்சு குறைந்தது. டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இப்போது ஐசியுவில்.

"உயிர் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு மோளே. இன்னும் கண்ணு முழிக்கல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "எடையைத் தப்பாப் போட்டான்னு ஸ்மிதாவ சஸ்பெண்ட் பண்ணியாச்சு. அன்னைக்கு உன் பக்கத்துல நின்னாளே, அந்தக் கொச்சு. வார்டில அறுபது பேர், அவ ஒருத்தி. 'பதிமூணுன்னுதான் போட்டேன்'னு கரஞ்சு அழுதுகிட்டே இருக்கா. யாரும் நம்பல்ல. அவங்க அப்பச்சன் கல்லாறு ஊர்ல சாயாக்கடை வச்சிருக்கார், அங்க போய் ஆளுங்க சத்தம் போட்டாங்க."

வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"மோளே, நீ அன்னைக்கு அவ கையில இருந்து வாங்கி ஏதோ மாத்தினேன்னு அவ சொல்றா. என்ன மாத்தினே?"

அப்புறம் கூப்பிடறேன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். வச்சிட்டேன். அந்தம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லாம வச்சிட்டேன். அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஐயோ, பதினேழாம் தேதி நான் வாயைத் திறந்திருந்தா சனிக்கிழமை இது நடந்திருக்குமா? நாலு நாள் இருந்துச்சே. நாலு நாள்.

ஜூன் 24, செவ்வாய்

சேஷன் சாரின் அறைக்குப் போனேன். கரமனைக்காரர். ஐம்பது வயது. யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். அதுதான் பயம்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாம் தேதி, ஆறாம் தேதி, பதினேழு, பதினெட்டு. ஆர்ஷாவின் பேரைச் சொல்லாமல் விடப் பார்த்தேன், முடியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கொழந்தை எப்படி இருக்கு?"

"இன்னும் கண் திறக்கல சார்."

"பகவான் காப்பாத்துவான்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "செல்வி, நான் சொல்றதக் கொஞ்சம் நிதானமாக் கேளுங்கோ. ஆஸ்பத்திரியே இது டைப்பிங் மிஸ்டேக்னு எழுதியாச்சு. நம்மகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலை. ஆர்ஷாவ உட்கார வச்சு இந்த வாரமே சரி பண்ணச் சொல்றேன். வேகம் கூட்டியிருக்கோம்னு சொல்லி அனுப்பிடலாம். நாமளாப் போய் ஏன் தலையக் குடுக்கணும்?"

"அந்த நர்ஸ் சார்?"

"சஸ்பென்ஷன்தானே. ரெண்டு மாசத்துல திரும்ப எடுத்துப்பா." பிறகு இன்னும் மெதுவாக. "டிக்கெட்ட மூடினது உங்க பேர்ல இருக்கு. கம்பெனி வக்கீல் முதல்ல பாக்கறது அதைத்தான். உங்களக் காப்பாத்தறதுக்குத்தான் சொல்றேன். இதைப் பத்தி யாருக்கும் மெயில் போடாதீங்கோ."

தலையாட்டிவிட்டு வந்தேன். நாளை பதினொன்றே முக்காலுக்கு எனக்கு ஒரு மீட்டிங் வைத்திருக்கிறார்கள். பதினைந்து நிமிஷம். கல்லாறு.

ஜூன் 25, புதன்

பதினொரு மணிக்கு மெயில் பெட்டியைத் திறந்தேன். வெங்கிடேஷ் விட்டுப்போன பெட்டி. ஏழு ஆஸ்பத்திரி முகவரியும் அதில் இருக்கிறது.

எழுத இருபது நிமிஷம் ஆனது. மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதினேன். எங்கள் மென்பொருளில் தப்பு இருக்கிறது. நெட் அறுந்து திரும்பும்போது ஒருவருடைய எடை இன்னொருவருக்குப் போகிறது. சரிசெய்து தரும்வரை மருந்துக்கு முன்னால் எடையைக் கையால் சரிபாருங்கள். திரை சொல்கிற அளவை நம்ப வேண்டாம். சனிக்கிழமை வித்துராவில் நடந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம், நர்ஸின் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். எப்படிச் செய்தால் தப்பு வரும் என்று படிப்படியாகப் போட்டேன். கீழே என் பேர், என் போன் நம்பர்.

அனுப்புகிற பொத்தானை வெறித்துக்கொண்டிருந்தேன். மீராவின் பள்ளிக்கூடம், பிரஜினின் செப்டம்பர், அப்பா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிற பெருமை, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றது. தைரியம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வராமலேயே அழுத்தினேன். 11.32.

கல்லாறில் சேஷன் சாரும் ஹெச்ஆர் பெண்ணும். அவளுடைய லேப்டாப்பில் என் மெயில் திறந்திருந்தது. சேஷன் சார் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார். கட்டுப்பாட்டை மீறியது, ரகசியத்தை வெளியிட்டது என்று இரண்டு காரணம் சொன்னார்கள். ஐடி கார்டைக் கழற்றி வைத்தேன்.

வாசலில் ஆர்ஷா நின்றிருந்தாள். பேசுவாள் என்று பார்த்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் லீலாபாய்க்குக் கூப்பிட்டு என்ன மாற்றினேன் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஜூன் 26, வியாழன்

பிரஜின் பேசவில்லை. காலையில் போகும்போது கதவை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சாத்தினான்.

ஏழில் ஐந்து ஆஸ்பத்திரி கூப்பிட்டுவிட்டார்கள். ஒருவர் கத்தினார். மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். எல்லாருக்கும் பதில் சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

குழந்தை கண் திறந்துவிட்டது. லீலாபாய் அனுப்பிய செய்தி: 'பால் குடிச்சு. அம்மாவை விளிச்சு.'

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிரஜின் வந்து பார்த்துவிட்டுப் பயந்து "என்னாச்சு, என்னாச்சு" என்றான். போனைக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு நாளாக மனசில் வைத்திருந்ததைச் சொன்னான், "நான் உன்னப் பொறுக்கச் சொன்னேன் செல்வி."

ஜூலை 4, வெள்ளி

கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ். நான்கு பக்கம். மூன்று தடவை படித்தேன், புரிந்தது கொஞ்சம்தான். புரிந்தவரைக்கும் போதும். வாசலில் பைக் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குப் போய்விடுகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆர்ஷா போன். கடைக்குப் போய்விட்டு வழியில் நின்று பேசுகிறாள் போல, பஸ் ஹாரன் கேட்டது. "சேச்சி, சரியாக்கி எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பியாச்சு. போன வெள்ளியாழ்ச்ச. நாலு வரி. நாலே நாலு வரியாக்கும் மாத்தியது."

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பதினெட்டாம் தேதி ஞான் உட்கார்ந்திருந்தா அன்னு மத்தியானத்துக்கே முடிஞ்சிருக்கும்." அவள் அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜூலை 14, திங்கள்

சுகாதாரத் துறை விசாரணைக்கு 22-ம் தேதி வரச் சொல்லிக் கடிதம். சாட்சியாக. சாட்சி என்றுதான் போட்டிருக்கிறது. எத்தனை நாளைக்குச் சாட்சி?

ஜூலை 20, ஞாயிறு

சேஷன் சார் வீட்டுக்கே வந்தார். எதிர்பார்க்கவில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்றார்.

"கம்பெனி சமாதானமாப் போக ரெடியா இருக்கு. நோட்டீஸ வாபஸ் வாங்கிடுவா. மென்பொருள்ல தப்பு இருந்ததை ஒத்துக்கறோம், அந்த நர்ஸ் தப்பிச்சுடுவா. ஆனா எப்பத் தெரியும்னு விசாரணையில கேப்பா. ஜூன் இருபத்து நாலு, என்கிட்ட வந்து சொன்னேளே, அன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்கோ. மறுநாளே ஆஸ்பத்திரிகளுக்கு எழுதியாச்சு. கம்பெனிக்கும் கெட்ட பேர் இல்லை, உங்களுக்கும் இல்லை. பாக்கப்போனா நீங்கதான் நல்ல பேர் வாங்கிக்கறேள்."

"பதினேழாம் தேதியே பார்த்தேன் சார்."

"பார்த்தேள்னு யாருக்குத் தெரியும்? எடையத் திருத்தினேள், அவ்வளவுதானே. பதினேழுன்னு சொன்னா சனிக்கிழமைக்கு நாலு நாள் முன்னாடியே உங்களுக்குத் தெரியும்னு ஆயிடும். கொழந்தையோட அப்பா கேஸ் போட்டா உங்க பேர்லதான் போடுவான்."

போகும்போது வாசலில் திரும்பி நின்றார். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, செல்வி. எனக்கு மட்டும் தூக்கம் வரதுன்னு நினைக்காதீங்கோ." முகம் நிஜமாகவே வாடியிருந்தது. அவர் சொன்னதில் பொய் எது நிஜம் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஜூலை 21, திங்கள்

இருபத்து நாலு என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். இயல்பாகத்தான் வருகிறது.

இந்த நோட்டைக் கிழித்துப் போட்டால் தீர்ந்தது. எழுத்தில் வேறு எங்கும் பதினேழு என்று இல்லை.

பிரஜினைக் கேட்டேன். "நான் இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாளைக்கு லீவு போட்டிருக்கேன். பைக்ல கொண்டுபோய் விடுதேன்."

ஜூலை 22, செவ்வாய்

விசாரணை அதிகாரி வேலப்பன். ஓய்வு பெறப்போகிற வயது, சளி பிடித்திருந்தது, நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கைத் துடைத்தார். ஒரு கிளார்க் டைப் செய்தார். எதிர்ப் பெஞ்சில் ஸ்மிதா, பக்கத்தில் லீலாபாய். ஸ்மிதா பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. கம்பெனி வக்கீல் ஓரமாக உட்கார்ந்து புன்னகையோடு தலையாட்டினார்.

எல்லாம் கேட்டார்கள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு தடவை தண்ணீர் கேட்டேன். பிறகு தேதி கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வக்கீல், "சார், ஜூன் இருபத்து நாலு, எழுத்துல கொடுத்திருக்கோம்" என்றார். வேலப்பன் சார் தலையாட்டினார், கிளார்க் அடித்தார். கடைசியில் முழுவதையும் மலையாளத்தில் வாசித்துக் காட்டினார். '24-ம் தேதி இந்தக் குறை என் கவனத்துக்கு வந்தது.' வாசித்து முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார்.

பேனாவைப் பிடித்தேன். போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். நான் ஒரு வார்த்தையும் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

"சார், தேதி தப்பு."

"என்ன?"

"பதினேழாம் தேதி. ஆஸ்பத்திரியில வச்சு என் கண்ணாலே பார்த்தேன். இவங்க கையில இருந்த டேப்லெட்டை வாங்கி நானே சரி பண்ணினேன். இவங்ககிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. பதினெட்டாம் தேதி காரணமும் தெரிஞ்சுது. அப்பவும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லல." கையிலிருந்த நோட்டை மேஜையில் வைத்தேன். "எழுதி வச்சிருக்கேன்."

வக்கீல் எழுந்தார். வேலப்பன் சார் கையைக் காட்டி உட்கார வைத்தார். என்னையே பார்த்தார். "இதைச் சொன்னா உங்களுக்கு என்ன வரும்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"சொன்னாங்க சார்."

அந்தப் பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்தார்கள். கிளார்க் முணுமுணுத்துக்கொண்டே முதலிலிருந்து அடித்தார். தொழில் என்ன என்று மறுபடி கேட்டார். வேலை இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டேன், என் கையெழுத்து மாதிரியே இல்லை.

வெளியே மழை. பிரஜின் பைக்கை எடுக்கப் போயிருந்தான். சன்ஷேடுக்குக் கீழே நின்றேன். ஸ்மிதா வந்து ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"நான் பதிமூணுன்னு போட்டதா இல்ல அம்பத்தெட்டுன்னு போட்டதா, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றாள். "ஒரு மாசம். நானே கொல்லப் பார்த்தேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு என்னன்னு கேட்டேனே சேச்சி. ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க."

"ஆமா."

"மன்னிச்சேன்னு நினைச்சுக்காதீங்க."

"இல்ல."

லீலாபாய் குடையோடு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 6, புதன்

ஸ்மிதாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். லீலாபாய் சொன்னார். கம்பெனிக்கும் எனக்கும் தனித்தனியாக விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. குழந்தையின் அப்பா இன்னும் கேஸ் போடவில்லை. போடமாட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பாதி புரிந்தது அவருக்கு. "வேலை போச்சா" என்றார். போச்சு என்றேன். "அந்தப் புள்ள நல்லாருக்கா?" நல்லாருக்கு என்றேன். "சரி. சாப்ட்டியா?"

ஆகஸ்ட் 18, திங்கள்

பட்டம் பகுதியில் ஒரு சின்ன கம்பெனி. பதினாலு பேர். பள்ளிக்கூட பஸ்கள் எங்கே வருகின்றன என்று காட்டுகிற செயலி செய்கிறார்கள். இன்டர்வியூவில் பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார் அந்தப் பையன், அஜின், முதலாளியே அவன்தான், முப்பது வயதுகூட இருக்காது. ஒரு நொடி யோசித்தேன். பிறகு ஐந்தாம் தேதியிலிருந்து சொன்னேன். மூடிய டிக்கெட், பதினேழாம் தேதி, நாலு நாள், விசாரணை இன்னும் முடியாதது எல்லாம். சொல்லி முடித்ததும் அவன் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தான். கூட்டாளியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான்.

கிடைக்காது என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் போன் வந்தது. மூன்று மாதம் பார்க்கலாம் என்றான். சம்பளம் பழையதில் பாதி. வியாழக்கிழமை வரச் சொன்னான். பிறகு தயங்கித் தயங்கி, "எங்க செயலியில பஸ் நிக்கிறப்போ சில சமயம் ஓடுற மாதிரி காட்டுது. எப்பவாவதுதான். பெரிய விஷயமா அது?"

"பஸ் இன்னும் ஓடுதுன்னு அம்மா வீட்ல இருக்கும்போது, குழந்தை இறங்கித் தனியா ரோடு கடக்குதுன்னா?" என்றேன்.

"வியாழன் வேண்டாம்" என்றான். "நாளைக்கு வர முடியுமா?"